ஆஃப்-ஒயிட்டா, ஐவரியா? தில்லி வீட்டுச் சுவருக்கு ஏற்றது எது?

(நமது பகுதி நேர நிருபர்)

புது தில்லி: தலைநகரில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு வர்ணம் அடிக்கும் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் இரண்டு நிறங்களில் வந்து நிற்கிறது. ஒன்று 'ஆஃப்-ஒயிட்', மற்றது 'ஐவரி'. பச்சை, நீலம், ரோஜா எல்லாம் முதல் நாள் பேச்சோடு சரி. வாடகை வீடானால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். சொந்த ஃபிளாட் ஆனால் ஐந்தாறு வருஷம் அதே சுவரோடு வாழ வேண்டும். எனவே, "கண்ணை உறுத்தாத நிறமாக இருக்கட்டும்" என்று முடிவாகிறது.

கடையில் ஷேட் கார்டை விரித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன. "எதை வேண்டுமானாலும் போடுங்கள் சார், பெரிய வித்தியாசம் இல்லை" என்கிறார் கடைக்காரர். ஆனால் நான்கு சுவரிலும் அடித்து முடித்த பிறகுதான் வித்தியாசம் தெரிகிறது. ஓர் அறை ஆஸ்பத்திரி வார்டு போல் வெளிறிக் கிடக்கிறது. இன்னோர் அறை மஞ்சள் பூசிய மாதிரி நிற்கிறது. இரண்டு அறை ஃபிளாட்டுக்கு வர்ணம் அடிக்கும் செலவு ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். பிடிக்கவில்லை என்று மறு மாதமே மாற்றி அடிக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? ஆகவே இந்தச் சின்ன விஷயத்தைச் சற்று விவரமாகவே பார்க்கலாம்.

பெயரை நம்பாதீர்கள்

இன்று கடையில் விற்கும் சுவர் எமல்ஷன்களுக்கு அடிப்படை வெள்ளைப் பெயிண்ட்தான். அதில் கடைக்காரரின் இயந்திரம் காவி மஞ்சள், கறுப்பு, செம்மண் நிறச் சாயங்களை அளந்து விடுகிறது. சாயம் மிகச் சிறிதளவு விழுந்தால் ஆஃப்-ஒயிட். காவி மஞ்சள் சற்றுக் கூடினால் ஐவரி. இன்னும் கூடினால் க்ரீம், பிஸ்கட். நாம் 'சந்தனக் கலர்' என்றும், இங்குள்ள பெயிண்டர்கள் 'பாதாமி' என்றும் சொல்வது அதற்கும் அடுத்த படி.

வெள்ளைக்குக் காரணமான டைட்டானியம் டையாக்ஸைடு நமக்கு அந்நியமான பொருள் அல்ல. அது கிடைக்கும் இல்மனைட் தாது கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இருக்கிறது. அந்தக் கறுப்பிலிருந்து இத்தனை வெள்ளை எடுக்கும் திருவாங்கூர் டைட்டானியம் ஆலை, திருவனந்தபுரத்தில் 1946-ல் தொடங்கப்பட்டது.

சங்கடம் என்னவென்றால், ஒரு கம்பெனியின் 'ஐவரி' இன்னொரு கம்பெனியின் 'ஐவரி' அல்ல. பெயருக்குச் சட்டம் கிடையாது. அரசாங்க அலுவலகங்களில் ஸ்டோர்ஸ் இண்டென்ட் எழுதிப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே கதவு, ஜன்னல், இரும்புச் சாமான்களுக்கான எனாமல் பெயிண்டை வெறும் 'க்ரீம்' என்று எழுதுவதில்லை. இந்தியத் தரம் 5 என்னும் பட்டியலில் உள்ள எண்ணைச் சேர்த்து எழுதுவார்கள். 352 என்றால் 'பேல் க்ரீம்', 353 என்றால் 'டீப் க்ரீம்'. பக்கத்துப் பக்கத்து எண்கள். ஆனால் எண்ணை மாற்றி எழுதினால் வருவது வேறு டப்பா. 1947-ல் ஐ.எஸ்.ஐ. என்ற பெயரில் தொடங்கி, 1987 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக இயங்கும் நிறுவனத்தின் பட்டியல் அது. அதன் தலைமையகம் நம் தில்லியில், பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில் உள்ள மானக் பவன்.

வீட்டுக்காரர்களும் இந்த வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். நிறத்தின் பெயரோடு கம்பெனியின் ஷேட் எண்ணையும் டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து ஆணி அடித்த இடத்தை மட்டும் பூசி மறைக்க வேண்டி வந்தால், அந்த ஒரு வரிதான் கை கொடுக்கும்.

நீலம் போட்ட வெள்ளை

ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். வேட்டிக்கு நீலம் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். வெறும் சுண்ணாம்பு லேசாக மஞ்சள் அடிக்கும்; நீலம் அந்த மஞ்சளை அடக்கிவிடும்; கண்ணுக்குப் 'பளிச்'சென்ற வெள்ளை தெரியும். மத்திய பொதுப்பணித் துறையின் விதிமுறைப் புத்தகமும் இதையே சொல்கிறது: ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராம் வரை நீலம். பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களில் குடியிருந்தவர்களின் கண்ணுக்கு 'வெள்ளை' என்றால் அந்த நீல வெள்ளைதான். சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு காலனிகளை இடித்துக் கட்ட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுவர்கள் போனாலும் அந்த வெள்ளையின் நினைவு பலருக்குப் போகவில்லை.

வெள்ளை என்பது ஒரு நிறம் அல்ல என்பதே இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. நீலம் பக்கம் சாய்ந்த வெள்ளை உண்டு. மஞ்சள் பக்கம் சாய்ந்த வெள்ளை உண்டு. ஆஃப்-ஒயிட் நடுவில் நிற்பது. வெளிச்சம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போய்விடும். ஐவரி ஏற்கெனவே மஞ்சள் பக்கம் ஒரு காலை வைத்திருப்பது. அதை நீலத்தின் பக்கம் இழுப்பது கடினம்.

இன்னொன்றும் உண்டு. சுண்ணாம்பு ஈரத்தில் மங்கலாக இருந்து, காய்ந்த பிறகு வெளுக்கும். நீர் நின்ற துளைகளில் காற்று புகுந்ததும் வெளிச்சம் சிதறுவதே காரணம். எமல்ஷன் இதற்கு நேர் எதிர். ஈரத்தில் பால் போல வெளுப்பாகத் தெரிந்து, காய்ந்ததும் ஒரு மாற்று அழுத்தமாகும். அதிலுள்ள பிசின் ஈரத்தில் பால் நிறமாகவும், காய்ந்தால் கண்ணாடி போலவும் ஆவதால் இப்படி. பெயிண்டர் முதல் பட்டை இழுத்தவுடனே "சரி, சரி, இதுதான்" என்று தலையாட்டிவிட்டு ஆபீசுக்குப் போகிறவர், மாலையில் வந்து "நான் சொன்னது இது இல்லையே!" என்று சண்டை போடுவது இதனால்தான். பெயிண்டர் மேல் தப்பில்லை.

சென்னை வெயில் வேறு, தில்லி வெயில் வேறு

ஊரில் அண்ணன் வீட்டில் அழகாக இருந்த நிறம் இங்கே ஏன் களையிழந்து போகிறது? வெளிச்சம்தான் காரணம்.

சென்னை பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வேளைச் சூரியன் வடக்குப் பக்கமாகவே நிற்கும். வடக்குச் சுவரும் வருஷத்தில் சில மாதம் நல்ல வெயில் பார்க்கும். தில்லியோ 28.6 டிகிரியில் இருக்கிறது. இங்கே வருஷம் 365 நாளும் உச்சி வேளைச் சூரியன் தெற்கேதான். டிசம்பர் 21-ல் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 38 டிகிரி உயரம்தான் ஏறுகிறது; அன்று சென்னையில் 53 டிகிரிக்கு மேல்.

ஆகவே தில்லியில் வடக்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறைக்குக் கோடையில் காலையிலும் மாலையிலும் விழும் சாய்வெயிலைத் தவிர நேர் வெயில் கிடையாது. அங்கே வருவது ஆகாயத்தின் வெளிச்சம். அது நீலம் கலந்தது. அந்த அறையில் ஆஃப்-ஒயிட் அடித்தால் சாம்பல் பூத்தது போல் தோன்றும். ஐவரி அடித்தால் நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று சரிக்கட்டி, நிதானமான வெள்ளையாகத் தெரியும். தெற்கு, மேற்குப் பார்த்த அறைகளில் கதை தலைகீழ். சாயங்கால வெயில் தானே மஞ்சள். ஐவரியும் சேர்ந்தால் அறை மஞ்சள் காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிடும். அங்கே ஆஃப்-ஒயிட் போதும்.

எதிர் வீட்டையும் மறக்கக் கூடாது. முனீர்க்கா, கரோல் பாக் சந்துகளில் எதிர்ச் சுவர் கை நீட்டினால் தொடும் தூரம். அந்தச் சுவரில் செங்கல் சிவப்போ ரோஜா வர்ணமோ இருந்தால், அதன் நிழலாட்டம்தான் உங்கள் அறைக்குள் வரும். சுவருக்குச் சுவர் எதிரொளிப்பதால் அறைக்குள்ளும் நிறம் கூடும். கார்டில் ஒரு விரல் அகலம் காணும் ஐவரி, நான்கு சுவரில் ஏறியதும் ஒரு படி அடர்த்தியாகத் தோன்றுவதன் ரகசியம் இதுதான். சின்ன அறையில் இது இன்னும் அதிகம்.

நாம் வீட்டில் இருப்பது எப்போது?

இதுதான் பலரும் கேட்காமல் விடும் கேள்வி. காலை எட்டு மணிக்கு பஸ்ஸையோ மெட்ரோவையோ பிடித்து, இரவு ஏழு மணிக்குத் திரும்புகிற ஒரு குமாஸ்தா தன் வீட்டுச் சுவரைப் பகலில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. மற்ற ஆறு நாளும் அவர் பார்ப்பது விளக்கு வெளிச்சத்தில்.

பழைய குண்டு பல்பு மஞ்சள் வெளிச்சம் தந்தது. டியூப்லைட் வந்து வெளுப்பாக்கியது. 2015 ஜனவரியில் மத்திய அரசின் 'உஜாலா' திட்டம் தொடங்கிய பின் எல்.இ.டி. விளக்கு ஏழை வீட்டுக்கும் வந்துவிட்டது. இப்போது விளக்கு அட்டையிலேயே ஓர் எண் அச்சிட்டிருக்கிறார்கள். 2700 அல்லது 3000 கெல்வின் என்றால் மஞ்சள் வெளிச்சம். 6500 என்றால் நீலம் சேர்ந்த வெள்ளை வெளிச்சம். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் எரிவது 6500. அதன் கீழ் ஆஃப்-ஒயிட் குளிர்ந்து வெளிறும். ஐவரி இதமாக இருக்கும். மஞ்சள் விளக்கு போட்டால் ஆஃப்-ஒயிட்டே ஐவரி போல் தெரியும், ஐவரி சந்தனமாகிவிடும்.

எனவே விளக்கை முடிவு செய்துவிட்டு வர்ணத்தை முடிவு செய்யுங்கள். விளக்கை மாற்றச் சில நூறு ரூபாய் போதும்; சுவரை மாற்ற ஆயிரக்கணக்கில் வேண்டும்.

ஒரு மயூர் விஹார் வீட்டில்

மயூர் விஹாரில் ஒரு தமிழ்க் குடும்பம். மகளுக்கு நிச்சயதார்த்தம், பத்து நாளில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கணவர் கோட்லா முபாரக்பூர் கடையில் இரண்டு நிறங்களையும் கைபேசியில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார். கைபேசி தன் போக்கில் நிறத்தைத் திருத்திக்கொள்ளும் சாதனம். படத்தில் இரண்டும் ஒரே வெள்ளை. இருந்தும் அவர் அவசரப்படாமல் இரண்டிலும் ஒவ்வொரு லிட்டர் டப்பா மட்டும் வாங்கி வந்து, ஹாலிலும் பின் அறையிலும் சதுரம் சதுரமாக அடித்து வைத்தார்.

மறுநாள் மத்தியானம் ஆபீசுக்கு மனைவியின் போன். "ஏங்க, ஹால்லே அந்த ஆஃப்-ஒயிட் சாம்பல் மாதிரி இருக்குங்க. நல்ல காரியத்துக்கு வர்றவங்க முகம் சுளிப்பாங்க."

"நேத்து ராத்திரி பார்த்தப்போ நல்லாத்தானே இருந்தது?"

"ராத்திரியும் எனக்கு என்னவோ மாதிரிதான் இருந்தது. நீங்க டி.வி.யைப் பார்த்தீங்க, சுவத்தை எங்கே பார்த்தீங்க!"

ஹால் வடக்குப் பார்த்தது. பின் அறை மேற்கு. அங்கே சாயங்காலம் நாலு மணிக்கு ஐவரிச் சதுரம் மோர்க்குழம்பு நிறத்தில் நின்றது. கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் பெரியவரைக் கேட்டார்கள். அவருக்குக் கண்ணில் புரை. "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றுவிட்டார். வயதானவர்களின் கண் வில்லை மஞ்சளிப்பதால் நீலம் சரியாகத் தெரியாது. அவருக்கு வேண்டியது வெளிச்சமான சுவர். தடுமாறாமல் இருக்கக் கதவு நிலை மட்டும் வேறு நிறம்.

கடைசியில் ஹாலுக்கு ஐவரி, பின் அறைக்கு ஆஃப்-ஒயிட், மேல் தளம் முழுக்க வெள்ளை என்று தீர்மானமாயிற்று. பரீட்சைக்கு வாங்கிய இரண்டு லிட்டரும் அதே சுவர்களில் செலவாகிவிட்டது. காசு வீண் இல்லை.

பரீட்சை செய்யும் முறை

சதுரம் அடித்துப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பாரிஸ் நகரத்து கோபலின் நெசவுச் சாலையில் 1824 முதல் சாயப் பகுதியின் தலைவராக இருந்தவர் ஷெவ்ரல் என்ற ரசாயன அறிஞர். கறுப்பு நூல் சரியாகச் சாயம் ஏறவில்லை என்று நெசவாளர்கள் புகார் செய்தார்கள். சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறச் செய்தன. ஒரு நிறம் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும் இந்த விதியைப் பற்றி அவர் 1839-ல் பெரிய புத்தகமே வெளியிட்டார்.

நம் சுவரிலும் அதே விதிதான். ஆஃப்-ஒயிட்டையும் ஐவரியையும் ஒட்டி ஒட்டி அடித்தால், ஐவரி உள்ளதைவிட மஞ்சளாகவும் ஆஃப்-ஒயிட் உள்ளதைவிட நீலமாகவும் தோன்றும். பழைய பச்சை டிஸ்டெம்பர் மேல் அடித்தால் இரண்டுமே லேசான ரோஜாவாகத் தெரியும். ஆகவே:

இரண்டு பெரிய வெள்ளை அட்டைகளில் தனித்தனியே அடியுங்கள். ஓரத்தில் நான்கு விரல் வெள்ளை விடுங்கள். இரண்டு கோட் அடித்து, ஒரு நாள் காய விடுங்கள்.

ஒரு நேரத்தில் ஓர் அட்டையை மட்டும் சுவரோடு ஒட்டிப் பாருங்கள். முதலில் ஜன்னல் பக்கச் சுவர், பிறகு எதிர்ச் சுவர்.

காலை, மத்தியானம், மாலை, இரவு என்று நான்கு வேளையும் பாருங்கள். அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர் யாரோ, அவர் இருக்கும் வேளையில் எது நன்றாக இருக்கிறதோ, அதுதான் அந்த அறைக்கு நிறம்.

தூசியும் எண்ணெயும்

தில்லியில் மே, ஜூன் மாதம் 'ஆந்தி' அடித்தால் ஜன்னலைச் சாத்தினாலும் தூசி வரும். அதன் நிறம் வெளிர்ப் பழுப்பு. ஐவரியில் அது அவ்வளவாகத் தெரியாது. ஆஃப்-ஒயிட்டில் ஸ்விட்ச் போர்டைச் சுற்றியும் கூலர் பக்கத்திலும் பட்டை பட்டையாகத் தெரியும். குளிர்காலப் புகையின் கரி மட்டும் இரண்டிலும் சமமாகவே தெரியும்.

நம் வீடுகளுக்கென்று தனியாக ஒரு கறை உண்டு: தலையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருவது. இதற்கு எந்த நிறமும் மருந்தல்ல. கழுவக்கூடிய எமல்ஷன் அடிப்பதுதான் வழி. கதவு நிலைகளுக்கு எண்ணெய் எனாமல் அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளிச்சம் படாத இடத்தில் வெள்ளை எனாமல் வருஷங்களில் மஞ்சளிக்கும். பீரோவை நகர்த்தினால் இது தெரியும்.

தீபாவளியா, பொங்கலா?

தில்லிக்காரர்கள் தீபாவளிக்கு முன் 'புதாயி' செய்கிறார்கள். அப்போது பெயிண்டர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கூலி அதிகம். நம்மவர்களோ பழக்க தோஷத்தால் போகிக்கு முன் அடிக்க ஆசைப்படுகிறோம். ஊரில் அது சரி. இங்கே ஜனவரியில் பனிமூட்டம். இரவில் 10 டிகிரிக்குக் கீழே போய்விடும். அந்தக் குளிரில் எமல்ஷன் சரியாகப் படலம் கட்டாது, திட்டுத் திட்டாகத் தெரியும். மழைக்காலத்தில் சுவரில் 'சீலன்' ஏறும்; அதன் மேல் எந்த வர்ணமும் நிற்காது. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிய ஜன்னலைத் திறந்து வைத்து நிம்மதியாக அடிக்கலாம்.

கணக்கு

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி என்றால் சுவர் 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 60 கழித்தால் 380. ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 60 முதல் 70 சதுர அடி வரும். ஆக, ஆறு லிட்டர் தேவை. ஒரு நான்கு லிட்டர் டப்பாவும் இரண்டு ஒரு லிட்டர் டப்பாக்களும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலக்கிய பிறகே அடிக்கச் சொல்லுங்கள். டப்பாவுக்கு டப்பா இருக்கும் நூலிழை வித்தியாசம் சுவரின் நடுவில் கோடாகத் தெரியாமல் இருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலி செய்யும்போது வர்ணச் செலவைக் காட்டி அட்வான்சில் பிடித்துக்கொள்ளும் வீட்டுக்காரர்கள் உண்டு. குடி வரும் நாளிலேயே சுவரின் நிலையையும், நீங்கள் அடிக்கும் நிறத்தின் ஷேட் எண்ணையும் எழுதி, அவர் கையெழுத்து வாங்கி வையுங்கள். "நான் கொடுத்தது வெள்ளை, நீங்கள் அடித்தது மஞ்சள்" என்று பதினோரு மாதம் கழித்து யாரும் வழக்காட முடியாது.